எங்கும் ஓடும் கோப்பும் என்றும் நிற்கும் கோப்பும்

தொடர்: கணினியும் காலமும் – 17

திருவனந்தபுரத்தில் கரமனையை அடுத்த பூஜப்புரையில் இருக்கிறது ‘கைட்’ நிறுவனத்தின் தலைமையகம். கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி முழுவதையும் கவனிக்கும் அமைப்பு இது. 2001-ல் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்ற பெயரில் தொடங்கிய திட்டம் 2017-ல் அரசு நிறுவனமாகி இந்தப் பெயருக்கு மாறியது. 2018 ஜனவரியில் இந்த நிறுவனம் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றத்தைத் தொடங்கியது. இன்று 2,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் அந்த மன்றம் இயங்குகிறது. அதில் சேரும் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் முக்கியமான கலைகளில் ஒன்று அனிமேஷன். டூபிடியூப், ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் ஆகிய மென்பொருள்களில் படம் வரைந்து, நகர்த்தி, சிறு சிறு திரைப்படங்கள் செய்கிறார்கள். பள்ளிக் கணினிகள் ஓடுவதோ லினக்ஸில். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளைத் தவிர்த்து, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்ததில் கேரளம் நாட்டுக்கே முன்னோடி. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்து கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்ததும் 2001 ஜூலையில், இதே திருவனந்தபுரத்தில்தான். ஆனால் பள்ளியின் லினக்ஸில் பிறக்கும் படம் பள்ளியோடு நிற்பதில்லை. கரமனையில் ஒரு வீட்டில் அப்பாவின் விண்டோஸ் மடிக்கணினி இருக்கும், அம்மாவின் ஆண்ட்ராய்டு போன் இருக்கும், துபாயிலிருக்கும் மாமாவிடம் ஐபோன் இருக்கும். இத்தனை கருவிகளிலும் அந்தப் படம் ஓட வேண்டும். வரிசையாகக் கிடக்கும் படங்களை எங்கும் ஓடும் வீடியோவாக மாற்றுவது என்ற இந்த வேலை மிகச் சிறியதாகத் தெரிகிறது. அதற்குள் இருக்கும் ஒரு முரணை இந்த வாரம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அனிமேஷன் என்பது அடிப்படையில் தனித்தனிப் படங்களின் வரிசை. வினாடிக்கு 24 ஃப்ரேம் என்று வைத்தால், அரை நிமிடப் படத்துக்கு 720 படங்கள் வேண்டும். மென்பொருள் அவற்றை ஒரு ஃபோல்டருக்குள் 0001, 0002, 0003 என்று எண் போட்டுப் பிஎன்ஜி கோப்புகளாக எழுதித் தரும். முன்னால் நிற்கும் அந்தச் சுழியங்கள் அலங்காரத்துக்காக அல்ல. வெறும் 1, 2, 10 என்று பெயரிட்டால் பல நிரல்கள் அகர வரிசைப்படி 1, 10, 100 என்று அடுக்கி, படத்தைக் குதிக்க வைத்துவிடும். எண்ணிட்ட படங்களை எடுத்து, வினாடிக்கு இத்தனை என்று வேகம் சொல்லி, ஒரே வீடியோ கோப்பாகக் கட்டித் தரும் கருவிகளில் உலகம் அதிகம் நம்பியிருப்பது ‘எஃப்எஃப்எம்பெக்’. ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2000-ல் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருள், பெயர் வெளியே தெரியாமலே எண்ணற்ற வீடியோ நிரல்களுக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறது. ஒரே ஒரு வரிக் கட்டளை போதும், 720 படங்களும் ஒரு எம்பி4 கோப்பாகிவிடும். செய்த கணினியில் அது அழகாக ஓடும். சிக்கல் தொடங்குவது அந்தக் கோப்பு பென் டிரைவில் ஏறி வேறொரு கருவிக்குப் போன பிறகுதான்.

எம்பி4 என்பது உண்மையில் ஒரு பெட்டி மட்டுமே. அதற்குள் காட்சியும் ஒலியும் எந்த முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் ‘கோடெக்’ தீர்மானிக்கிறது. பெட்டியைத் திறக்கத் தெரிந்த கருவிக்கு உள்ளே இருப்பதைப் படிக்கத் தெரியாமல் போகலாம். அதனால்தான் ஒலி மட்டும் கேட்டுத் திரை கறுப்பாக நிற்கிறது. 2003-ல் வெளியான ஹெச்.264 என்ற கோடெக்தான் இன்று ஏறத்தாழ எல்லாப் போன்களுக்கும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாகத் தெரிந்தது. சரி, அதிலேயே சுருக்கிவிட்டோம் என்று நிம்மதி அடையவும் முடியாது. பிஎன்ஜி படங்களில் ஒவ்வொரு பிக்சலுக்கும் முழு நிறத் தகவல் இருக்கிறது. வேறு எதுவும் சொல்லாமல் எஃப்எஃப்எம்பெக்கிடம் கொடுத்தால், அது அந்த முழுமையைக் குறைக்க மனமில்லாமல் 4:4:4 என்னும் நிற அமைப்பிலேயே ஹெச்.264 கோப்பை உருவாக்கும். பள்ளி லினக்ஸில் விஎல்சி என்ற பிளேயர் அதைத் தடையின்றிக் காட்டும். ஆப்பிளின் குவிக்டைமோ பெரும்பாலான போன்களோ காட்டாது, ஏனென்றால் போனுக்குள் வீடியோவைப் படிப்பதற்கென்றே இருக்கும் சில்லு 4:2:0 என்ற குறைந்த அமைப்பை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. “எனக்கு ஓடுதே சார்” என்று மாணவர் சொல்வதும் உண்மை, “இங்கே ஓடலையே” என்று வீட்டார் சொல்வதும் உண்மை. கோப்பில் பழுது ஏதும் இல்லை. அது தேவைக்கு மேல் நேர்மையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த 4:2:0 என்ன என்று புரிந்துகொள்வது என் வாதத்துக்கு அவசியம். மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதனால் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே மதிப்பாக எழுதுகிறார்கள். அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி. படத்தின் அகலமோ உயரமோ ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் இந்தக் கணக்கு சரியாக விழாது, கருவியும் பிழை காட்டி நின்றுவிடும். 1080 என்றால் போகும், 1081 என்றால் போகாது. கேமராவில் எடுத்த காட்சிக்கு இந்தக் குறைப்பு பெரிய இழப்பு இல்லை. முகத்திலும் மரத்திலும் வானத்திலும் நிறம் மெல்ல மெல்லத்தான் மாறுகிறது. ஆனால் குழந்தைகள் வரையும் அனிமேஷன் அப்படிப்பட்டதல்ல. நீல வானத்தில் சிவப்புப் பட்டம், அதற்கு ஒரு பிக்சல் அகலத்தில் மஞ்சள் நூல், ஓரத்தில் பச்சை எழுத்தில் தலைப்பு, இப்படித்தான் அவர்கள் வரைகிறார்கள். நிற எல்லைகள் கத்தரித்த மாதிரி நிற்கும் அந்த இடங்களில்தான் 4:2:0 மங்கிக் கசிகிறது. மஞ்சள் நூல் சாயம் போகிறது, சிவப்பின் விளிம்பு நீலத்துக்குள் ஊறுகிறது. எங்கும் ஓட வேண்டும் என்ற நிபந்தனைக்குச் செலுத்தும் விலை இது. அதில் அதிகம் இழப்பது கையால் வரைந்த படம்தான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: எங்கும் ஓட வேண்டிய கோப்பும் காலத்துக்கும் வைத்திருக்க வேண்டிய கோப்பும் ஒரே கோப்பாக இருக்க முடியாது. முதலாவது சுருங்கியிருக்க வேண்டும், நிறத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், இன்றைய சில்லுகளுக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்க வேண்டும். இரண்டாவது எதையும் இழக்கக் கூடாது, எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் நம்பி இருக்கக் கூடாது. வீடியோ செய்து முடித்ததும் ‘இனி எதற்கு’ என்று பட வரிசை ஃபோல்டரை அழிக்கும் பழக்கம் பள்ளிகளில் மட்டுமல்ல, சிறு ஸ்டூடியோக்களிலும் இருக்கிறது. அழிக்க வேண்டியது ஒன்று என்றால் அது வீடியோவாக இருக்கட்டும். அதை எப்போது வேண்டுமானாலும் மறுபடி செய்துகொள்ளலாம்.

இது மிகையான எச்சரிக்கையா என்று பார்க்க, ஒரு காலத்தில் ‘எங்கும் ஓடும்’ என்று நம்பப்பட்ட வடிவங்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் போதும். ஆப்பிள் குவிக்டைமை 1991-லும் மைக்ரோசாஃப்ட் ‘வீடியோ ஃபார் விண்டோஸை’ 1992-லும் கொண்டுவந்தன. இரண்டிலும் ஓடிய சினிபேக் என்ற கோடெக் தொண்ணூறுகளின் குறுந்தகடுகளில் எல்லாம் நிறைந்திருந்தது. இன்டெல்லின் இண்டியோ அதற்குப் போட்டியாக நின்றது. 2009 இறுதியில் பாதுகாப்புக் காரணம் காட்டி, பழைய விண்டோஸ்களில் இண்டியோவை மைக்ரோசாஃப்டே முடக்கியது. விண்டோஸுக்கான குவிக்டைமை ஆப்பிள் 2016-ல் கைவிட்டது, அதை நீக்கிவிடுமாறு அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பே அறிவித்தது. 2019-ல் வந்த மேக் கேட்டலினாவோடு சினிபேக் போன்ற பழைய கோடெக்குகள் ஆப்பிளின் சொந்தக் கணினியிலேயே ஓடாமல் போயின. ஃப்ளாஷின் கதை இன்னும் கசப்பானது. இருபது ஆண்டுகளாக இணையத்தில் அனிமேஷன் என்றாலே ஃப்ளாஷ்தான். உலகெங்கும் பிள்ளைகள் முதன்முதலில் கார்ட்டூன் செய்து பழகிய மென்பொருள் அது. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதன் ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் நிறுவப்பட்ட பிளேயரே படங்களை ஓட்ட மறுத்தது. அன்று தங்கள் படைப்பை ஃப்ரேம் ஃப்ரேமாக எழுதி வைத்திருந்தவர்களுக்கு ஒரு மாலை நேர வேலை போதுமானதாக இருந்தது. ஃப்ளாஷ் கோப்பு மட்டுமே கையில் இருந்தவர்கள், ஃப்ளாஷைப் போலவே இயங்கும்படி தன்னார்வலர்கள் எழுதிய பிளேயர்களின் தயவில்தான் தங்கள் படைப்பை இன்று பார்க்கிறார்கள்.

கணினிக்கு முந்தைய சான்று திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. மலையாளத்தின் முதல் திரைப்படமான ‘விகதகுமார’னை எடுத்த ஜே.சி. டேனியல் அகத்தீஸ்வரத்துக்காரர். திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில் ஸ்டூடியோ அமைத்து, சொத்தை விற்று அவர் எடுத்த அந்த மௌனப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அடுத்து வந்தது 1933-ன் ‘மார்த்தாண்ட வர்மா’, சி.வி. ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட நாவலைத் தழுவி பி.வி. ராவ் இயக்கியது. நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா புத்தக நிறுவனம் வழக்குத் தொடுத்ததால் படம் முடங்கியது, பிரதி அந்த நிறுவனத்திடமே கிடந்தது. 1974-ல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. ஓட்டிப் பார்க்க வழியில்லாமல் நாற்பது ஆண்டுகள் கிடந்த படம் திரும்ப உயிர்பெற்றதற்குக் காரணம் வெளிப்படையானது. ஃபிலிம் சுருள் என்பது கண்ணுக்குத் தெரியும் படங்களின் வரிசை. அன்றைய புரொஜெக்டர் இல்லாவிட்டாலும் விளக்கொளியில் பிடித்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் தெரியும், அதைப் படிக்கும் இயந்திரத்தைப் பிற்காலத்தவர் புதிதாகச் செய்துகொள்ள முடியும். இயக்குநர் அரவிந்தனின் ‘கும்மாட்டி’ (1979) 2021-ல் இத்தாலியின் போலோன்யாவில் புதுப்பிக்கப்பட்டதும் இதே வழியில்தான். மூல நெகடிவிலிருந்து முன்பே எடுத்து புனே காப்பகத்தில் பத்திரமாக இருந்த 35 மில்லிமீட்டர் பிரதியை ஃப்ரேம் ஃப்ரேமாக ஸ்கேன் செய்து, கணினியில் பட வரிசையாக்கி, கறையும் கீறலும் நீக்கினார்கள். படங்கள் தனித்தனியாக இருந்ததால்தான் அது முடிந்தது.

பட வரிசை என்பது பழைய காலத்து ஆசாமிகளின் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். இன்று தியேட்டர்களுக்கு வரும் டிஜிட்டல் படமே பட வரிசைதான். ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து 2005-ல் வகுத்த விதிப்படி, ஒவ்வொரு ஃப்ரேமும் ஜேபெக் 2000 முறையில் தனித்தனியே சுருக்கப்படுகிறது, பக்கத்து ஃப்ரேமை நம்பி எதுவும் எழுதப்படுவதில்லை. அனிமேஷன் ஸ்டூடியோக்களிலும் ஒளிவிளைவுக் கூடங்களிலும் காட்சிகள் கைமாறுவது பெரும்பாலும் ஃப்ரேம்களாகத்தான், வீடியோவாக அல்ல. 1999-ல் தொடங்கப்பட்டு, தெனாலிராமன் கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக்கிய டூன்ஸ் நிறுவனம் இயங்குவதும் இதே நகரத்தில், கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில்தான். அங்கே வேலைக்குப் போகும் கனவோடு லிட்டில் கைட்ஸில் சேரும் மாணவருக்கு, தொழில் எந்த வடிவத்தில் நடக்கிறது என்பதைப் பள்ளியிலேயே பழக்கிவிடுவது நல்லது.

செய்யும் நேரத்திலும் பட வரிசைக்கு ஆதாயம் உண்டு. பிளெண்டரில் ஒரு முப்பரிமாணக் காட்சியின் ஒரு ஃப்ரேமைக் கணக்கிட, சாதாரணப் பள்ளிக் கணினிக்குப் பல நிமிடங்கள்கூட ஆகும். 720 ஃப்ரேம் என்றால் இரவும் பகலும் ஓடவிட வேண்டியிருக்கும். ஜூன், ஜூலை மழையில் கரண்டு போகாத ஊர் கேரளத்தில் இல்லை. நேரடியாக எம்பி4 கோப்பாக எழுதச் சொல்லியிருந்தால், 700-வது ஃப்ரேமில் கரண்டு போனாலும் அத்தனையும் வீண். எந்த ஃப்ரேம் கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணையை எம்பி4 வழக்கமாகக் கடைசியில்தான் எழுதுகிறது, அது இல்லாமல் முன்னால் எழுதியதை எந்தப் பிளேயரும் திறக்காது. பிஎன்ஜி வரிசையாக எழுதியிருந்தால் 699 படங்கள் பத்திரமாக இருக்கும், 700-லிருந்து தொடரலாம். இன்னொன்றும் இருக்கிறது. ஹெச்.264 எல்லா ஃப்ரேமையும் முழுதாக எழுதுவதில்லை. அங்கங்கே ஒரு ஃப்ரேமை முழுதாக எழுதிவிட்டு, இடையில் உள்ளவற்றுக்கு மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொள்கிறது. அதன் சிக்கனத்துக்குக் காரணமும் இதுதான், பலவீனமும் இதுதான். வட்டில் ஒரு சிறு பகுதி கெட்டால், அடுத்த முழு ஃப்ரேம் வரும்வரை திரை கட்டம் கட்டமாகச் சிதறும். பட வரிசையில் அதே கேடு ஒரே ஒரு படத்தோடு முடிந்துபோகும்.

இதற்கு முதலில் வரும் எதிர்வாதம் இடம். நியாயமான கேள்விதான், கணக்குப் பார்த்துவிடலாம். 1920-க்கு 1080 அளவுள்ள ஒரு ஃப்ரேமைச் சுருக்காமல் வைத்தால், பிக்சலுக்கு 3 பைட் வீதம் 62,20,800 பைட், அதாவது சுமார் 6.2 எம்பி ஆகிறது. வினாடிக்கு 24 என்றால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 9 ஜிபி. அதே நிமிடத்தை வினாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஹெச்.264 ஆக்கினால் 37.5 எம்பி போதும். வித்தியாசம் சுமார் 240 மடங்கு. இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் மலைத்துப் போய் ஃபோல்டரை அழிக்கிறார்கள். ஆனால் பிஎன்ஜி சும்மா இருப்பதில்லை, எதையும் இழக்காமலே சுருக்குகிறது. ஒரே நிறம் பரந்து கிடக்கும் கார்ட்டூன் படங்களில் அந்தச் சுருக்கம் மிக நன்றாகப் பலிக்கும். ஒரு ஃப்ரேமுக்கு 200 கேபி என்று வைத்துக்கொண்டால் ஒரு நிமிடப் படம் 288 எம்பி. ஒரு பென் டிரைவில் பத்துப் படங்களுக்கு மேல் அடங்கும். கேமராவில் எடுத்த காட்சிகளுக்கு இந்தச் சலுகை கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மணிக்கணக்கில் எடுத்த கல்யாண வீடியோவைப் பிஎன்ஜி வரிசையாக வைத்திருக்கச் சொல்வது அறிவுடைமை ஆகாது, கேமரா முதலில் எழுதிய கோப்பே அங்கே மூலம். நான் பேசுவது ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிறந்த படைப்புகளைப் பற்றி மட்டுமே.

‘யூடியூபில் ஏற்றிவிட்டால் போதாதா, அது எல்லாக் கருவிக்கும் ஏற்ற மாதிரி தானே மாற்றித் தருகிறதே’ என்பது இரண்டாவது வாதம். பரப்புவதற்கு அது மிக நல்ல வழி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் யூடியூப், ஏற்றிய கோப்பை மறுபடி சுருக்கித்தான் காட்டுகிறது. நாம் ஏற்கெனவே ஒருமுறை சுருக்கியது, அது இன்னொரு முறை சுருக்கியது என்று இழப்பு இரட்டிக்கிறது. பிறகு அங்கிருந்து இறக்கினால் கையில் வருவது அந்தச் சுருங்கிய பிரதிதான். பள்ளிக் கணக்கை நடத்திய ஆசிரியர் மாறுதலாகிப் போனால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும் என்பது எந்தப் பள்ளிக்கும் புரியாத விஷயமல்ல.

மூன்றாவது வாதம் வலுவானது. விஎல்சியும் எஃப்எஃப்எம்பெக்கும் சினிபேக் முதல் இண்டியோ வரை பழைய வடிவங்களை எல்லாம் இன்றும் படிக்கின்றன, எனவே எந்த வடிவமும் உண்மையில் சாவதில்லை என்பார்கள். பாரிஸில் மாணவர்கள் 1996-ல் தொடங்கி 2001-ல் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்ட விஎல்சிக்கு உலகம் பட்டிருக்கும் கடன் பெரியது. நிறுவனங்கள் கைவிட்ட வடிவங்களைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் இத்தகைய தன்னார்வலர்கள்தான். ஆனாலும் அவர்களால் மீட்டுத்தர முடிவது கோப்பில் இருப்பதை மட்டுமே. 160-க்கு 120 அளவில், சினிபேக்கின் கட்டங்கட்டமான நிறத்தில் 1994-ல் சுருக்கி எழுதப்பட்ட படத்தை விஎல்சி இன்று ஓட்டும். வரைந்தவர் திரையில் பார்த்த கோட்டை அதனால் திருப்பித்தர முடியாது. ஓடுவது வேறு, முழுமையாக இருப்பது வேறு. பதில் சொல்ல வேண்டியது இந்த இரண்டாவதற்குத்தான்.

கட்டற்ற மென்பொருளில் உறுதியான பிடிப்புள்ள கேரள நண்பர்கள் இன்னொரு பக்கத்திலிருந்து மறுப்பார்கள். ஹெச்.264 காப்புரிமைகளால் சூழப்பட்ட வடிவம், அதைப் பள்ளிகளில் ஏன் புழங்க வேண்டும், வெப்எம்மோ 2018-ல் வந்த ஏவி1-ஓ இருக்கின்றனவே என்று கேட்பார்கள். அவர்களுடைய கவலை எனக்கும் உண்டு. பிஎன்ஜி பிறந்ததே இப்படியொரு சண்டையில்தான். ஜிஃப் வடிவத்துக்குள் இருந்த சுருக்க முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்கப்போவதாக 1994 இறுதியில் அறிவிப்பு வந்ததும், இணையத்தில் கூடிய நிரலாளர்கள் சில மாதங்களில் பிஎன்ஜியை வடிவமைத்தார்கள். 1996 அக்டோபரில் வலைத் தரநிலை அமைப்பு அதை ஏற்றது. மூலத்தைப் பிஎன்ஜியில் வைத்துவிட்டால், கொள்கையும் நடைமுறையும் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான் என் விடை. இன்று அம்மாவின் போனில் ஓட ஹெச்.264-ல் ஒரு பிரதி எடுக்கலாம். நாளை ஏவி1 எல்லாப் போன்களுக்கும் வந்துசேர்ந்ததும், அதே படங்களிலிருந்து ஏவி1 பிரதி எடுக்கலாம், இடையில் ஒரு துளி இழப்பும் இல்லாமல். மூலமே ஹெச்.264 ஆக இருந்தால்தான் அதைச் சார்ந்திருக்க வேண்டிய கட்டாயம் வருகிறது.

என் வாதத்துக்கு உண்மையிலேயே இடையூறாக நிற்பது வேறொன்று. பட வரிசைக்குள் நேரம் இல்லை, ஒலி இல்லை. 720 படங்கள் வினாடிக்கு 24 வீதம் ஓட வேண்டியவையா 12 வீதமா என்று எந்தப் பிஎன்ஜியும் சொல்லாது. மௌனப் படங்களுக்கு நேர்ந்த கேடும் இதுவே. கையால் சுழற்றி வினாடிக்கு 16, 18, 20 ஃப்ரேம் என்று எடுத்த காட்சிகளைப் பிற்காலத்து 24 ஃப்ரேம் புரொஜெக்டரில் ஓட்டியதால்தான், அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாம் துள்ளித் துள்ளி நடந்தவர்கள் என்ற எண்ணம் நமக்கு வந்தது. எனவே ஃபோல்டருக்குள் படங்களோடு ஒரு எளிய உரைக் கோப்பும் இருக்க வேண்டும். வினாடிக்கு எத்தனை ஃப்ரேம், அகலம் உயரம் எவ்வளவு, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் செய்தது, யார் வரைந்தது, எந்த ஆண்டு என்று பத்து வரி போதும். ஒலி தனியாகச் சுருக்கப்படாத வேவ் கோப்பாக இருக்கட்டும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கையாள்வது தொல்லை என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. மட்ரோஸ்கா பெட்டிக்குள் எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாக் கோடெக்கில் படங்களையும் ஒலியையும் வேகத்தையும் ஒரே கோப்பாக வைக்கலாம். எஃப்எஃப்வி1-ன் விவரக்குறிப்பு 2021-ல் இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பின் ஆவணமாக வெளியிடப்பட்டிருக்கிறது, உலகின் பல ஆவணக் காப்பகங்கள் அதை நம்புகின்றன. போனில் ஓடாது, ஓட வேண்டியதும் இல்லை. ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் மூலக் கோப்புகளையும் உடன் வைப்பது நல்லதே. ஆனால் பத்தாண்டு கழித்து வரும் பதிப்பு அவற்றை அதே மாதிரி திறக்கும் என்று எண்ணி, ஃப்ரேம்களை விட்டுவிடக் கூடாது.

எங்கும் ஓட வேண்டிய பிரதிக்கு வேண்டியவை சிலவே. எம்பி4 பெட்டி, ஹெச்.264 காட்சி, ஏஏசி ஒலி, 4:2:0 நிறம், இரட்டைப்படை அகலமும் உயரமும், வினாடிக்கு 24 அல்லது 25 அல்லது 30 என்ற மாறாத வேகம், இணையத்தில் உடனே தொடங்கும்படி அட்டவணையைக் கோப்பின் முன்பக்கத்துக்கு நகர்த்துவது. இவ்வளவையும் ஒரே கட்டளையில் எழுதி, பள்ளிக் கணினிகளில் ஒரு பொத்தானாக வைத்துவிடலாம். அந்தக் கட்டளை எதற்கு என்று எட்டாம் வகுப்பு மாணவருக்குப் புரியும்படி சொல்லியும் தரலாம். நிறத்தை ஏன் குறைக்கிறோம் என்பது அவர்களுக்கு அறிவியல் பாடத்தோடு சேர்ந்தே புரியும்.

மாவட்ட முகாம்களுக்கும் போட்டிகளுக்கும் படைப்புகளைக் கேட்கும்போது, வீடியோவோடு பட வரிசை ஃபோல்டரையும் உரைக் கோப்பையும் சேர்த்துக் கேட்கும் விதி ஒன்றைப் பூஜப்புரையிலுள்ள கைட் ஏற்படுத்த வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஒரு நிமிடப் படம் ஒன்றை அனுப்பினால், மேலே போட்ட கணக்கின்படி 2,000 பள்ளிகளுக்கு 576 ஜிபி ஆகிறது. கடையில் கிடைக்கும் 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றில் கேரளத்துப் பிள்ளைகள் ஓராண்டில் வரைந்தது முழுவதும் அடங்கும், பாதுகாப்புக்கு வேறு வேறு ஊர்களில் இரண்டு நகல் வைத்தாலும் மொத்தம் மூன்று டிஸ்க்தான். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய டிஸ்க்குக்கு மாற்றி எழுதி, கோப்புகள் கெடாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்க ஓர் ஊழியருக்குச் சில நாள் வேலை இருக்கும். ஒலியை எந்த அளவில் வைப்பது, மலையாளத்திலும் தமிழிலும் கன்னடத்திலும் வரும் தலைப்புகளைக் கோப்புப் பெயரில் எப்படிக் கையாள்வது என்பவை தனியே பேச வேண்டியவை. யூனிகோடும் கோப்புப் பெயர்களும் அடுத்த வாரம்.